ஜோனா லோமு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரக்பி பார்க்கத் தொடங்கும் எவரும் ஒரு மாதத்துக்குள் ஜோனா லோமுவின் வீடியோ ஒன்றில் வந்து நிற்கிறார்கள். அப்புறம் என்னிடம் கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் இருக்கும் பதில்கள் புதிதாக வருபவர்களுக்கு, கொஞ்சம் தெரிந்தவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போய்விடலாம்.

யாருங்க இந்த லோமு? ஒரே வரியில சொல்லுங்க.

நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்காக 1994 முதல் 2002 வரை 63 டெஸ்ட் (ரக்பியில் இது இரு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடி 37 ட்ரை போட்டவர், ரக்பியின் முதல் உலக நட்சத்திரம், 2015இல் 40 வயதில் இறந்துபோனவர். இந்த ஒரு வரியில் இல்லாத ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம்: இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அவர் பழுதான சிறுநீரகங்களோடு ஆடினார். கீழே பல பதில்கள் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ரக்பி பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. இவரைப் புரிஞ்சுக்க எவ்வளவு தெரிஞ்சா போதும்?

கொஞ்சம் போதும். அணிக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, 5 புள்ளி. பந்து வைத்திருப்பவரை மட்டும் பிடித்துக் கீழே தள்ளலாம், அதுதான் டேக்கிள். கபடி பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

முன்வரிசையில் எட்டுப் பேர் கனமானவர்கள், ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளுவது அவர்கள் வேலை. பின்வரிசையில் ஏழு பேர் வேகமானவர்கள். அந்த ஏழில் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் விங். விங் என்றாலே ஒல்லியான, குட்டையான, சட்டென்று திரும்பி ஓடும் ஆள் என்றுதான் 1995 வரை பழக்கம். லோமு இடது விங்கில் நின்றார். உயரம் 1.96 மீட்டர், எடை சுமார் 120 கிலோ, அந்தக் காலத்து முன்வரிசை ஆட்கள் பலரைவிடவும் பெரிய உடம்பு.

பேரைப் பார்த்தா நியூசிலாந்துக்காரர் மாதிரி இல்லையே?

பெற்றோர் டோங்கா நாட்டவர்கள். பசிபிக் கடலில் சின்னச் சின்னத் தீவுகள் சேர்ந்த நாடு அது. லோமு 1975 மே 12 அன்று நியூசிலாந்தில் பிறந்தார், ஆனால் கைக்குழந்தைப் பருவம் கழிந்ததும் சில வருடம் டோங்காவில் உறவினர்களிடம் வளர்ந்தார். திரும்பி வந்து வளர்ந்த இடம் தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரே. உழைக்கும் பசிபிக் தீவுக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது, தெருக் கும்பல்களும் இருந்த பகுதி. வீட்டில் அப்பாவின் அடி உதை இருந்ததைப் பின்னாளில் லோமுவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது வெஸ்லி கல்லூரி என்ற உறைவிடப் பள்ளி, ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கேகோஹே பக்கம் இருக்கிறது. தடகளம், ரக்பி இரண்டிலும் அங்கேதான் தெரியவந்தார். ஒரு குறிப்பு இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த பதிலுக்கு வேண்டும்: பள்ளி நாட்களில் அவர் விங் ஆடியவர் அல்லர், முன்வரிசையின் பின்கோடியில் ஸ்க்ரம்மில் தலையைக் கொடுத்து ஆடியவர்.

முதல் ஆட்டத்துலயே சொதப்பிட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?

சொதப்பல் என்பது கொஞ்சம் கடுமையான சொல். 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச், எதிரணி பிரான்ஸ். லோமுவுக்கு அன்று வயது 19 வருடம் 45 நாள், டெஸ்ட் ஆடிய ஆல் பிளாக்ஸில் எல்லாரையும்விட இளையவர், 1905 முதல் இருந்த சாதனையை முறியடித்தார். அந்த டெஸ்டில் நியூசிலாந்து 8–22 என்று தோற்றது, அடுத்த வாரம் ஆக்லாந்தில் 20–23 என்று மறுபடி தோற்றது. எதிரே நின்ற எமீல் ந்தமாக் விங் ஆட்டத்தில் தேர்ந்தவர். விங்கில் நிற்பவர் எப்போது முன்னேற வேண்டும், எப்போது பின்னால் போய்க் காவல் நிற்க வேண்டும் என்பது பழகிப் பழகி வருவது, ஸ்க்ரம்மிலிருந்து நேராக வந்த பையனுக்கு அது கைவரவில்லை. பிரான்ஸ் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்த வருடம் டெஸ்ட் அணியில் இடம் இல்லை. 1995 உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி முகாம்களிலும் அவருடைய உடல்தகுதி போதவில்லை என்று பயிற்சியாளர் லாரி மெய்ன்ஸ் குறைப்பட்டார், கடைசி வரை தேர்வு உறுதியில்லாமல்தான் இருந்தது. ஓட விட்டால் மூச்சு வாங்குகிறது, பையன் சோம்பேறி என்று அப்போது பேச்சு. பிறகு தெரியவந்த நோயை வைத்து நான் அந்த முகாம்களை நினைத்துப் பார்ப்பதுண்டு. நோய் அப்போதே தொடங்கிவிட்டதா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் 'சோம்பேறி' என்ற சொல்லை அந்தப் பையன்மேல் ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த இங்கிலாந்து மேட்ச்ல என்னதான் நடந்துச்சு? ஒருத்தர்மேல மிதிச்சிட்டுப் போறாரே!

1995 ஜூன் 18, கேப் டவுனின் நியூலண்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி. அதற்கு முன்பே அயர்லாந்துக்கு எதிராக இரண்டு, ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று என்று ட்ரை போட்டிருந்தார், ஆக அவர் யாரென்று இங்கிலாந்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் அந்த ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே இடது ஓரத்தில் அவரிடம் ஒரு பந்து வருகிறது, அதுவும் நல்ல பாஸ் இல்லை, அவருக்குப் பின்னால் போய்த் துள்ளுகிறது. நின்று, திரும்பி, எடுத்து, மறுபடி வேகம் பிடிக்கிறார். எதிர் விங் டோனி அண்டர்வுட்டை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கடக்கிறார். கேப்டன் வில் கார்லிங் பின்னாலிருந்து காலைத் தட்ட, தடுமாறுகிறார். எதிரே கடைசி ஆளாக மைக் கேட். லோமுவுக்கு விலகிப் போக நிலை இல்லை, தடுமாறிய வேகத்திலேயே கேட்டின் மேலேயே ஏறிப்போய்க் கோட்டைத் தாண்டி விழுந்தார்.

அன்று மொத்தம் நான்கு ட்ரை அவருடையது. இடைவேளையில் 25–3, முடிவில் 45–29. இங்கிலாந்தின் புள்ளிகளில் பெரும்பகுதி ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தவை. முன்வரிசை ஆட்டக்காரர் சின்சான் புரூக் மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து காலால் உதைத்து மூன்று புள்ளி எடுத்ததும் இதே ஆட்டத்தில்தான். இன்னொரு நாளாக இருந்தால் அதைப் பற்றி மட்டுமே பேசியிருப்பார்கள்.

மலேசியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: டோனி அண்டர்வுட் பிறந்த ஊர் ஈப்போ. அப்புறம் மைக் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை 'மிதி வாங்கியவர்' என்று மட்டுமே தெரிந்துவைத்திருப்பது நியாயமில்லை. இங்கிலாந்துக்காக 75 டெஸ்ட் ஆடியவர், 2003இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அன்றும் அவர் ஒதுங்கவில்லை, எதிரே போய் நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

அப்படின்னா ஃபைனல்ல ஏன் ஜெயிக்கல?

ஒரு வாரத்தில், ஜூன் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்கா 15–12 என்று வென்றது. 80 நிமிடத்தில் 9–9, கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, துள்ளும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) முடிவு செய்தது. இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை. நிறவெறி ஆட்சி முடிந்த மறு வருடம், நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுத்த நாள் அது.

இரண்டு நாள் முன்பு நியூசிலாந்து அணியில் பலர் வயிறு கெட்டு விழுந்தார்கள், இது உண்மை. உணவில் யாரோ வேண்டுமென்றே எதையோ கலந்தார்கள் என்று மெய்ன்ஸ் சந்தேகப்பட்டார், அது நிரூபிக்கப்படவில்லை. என்னைக் கேட்டால் தென்னாப்பிரிக்கா லோமுவைத் தடுத்த விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். இங்கிலாந்து செய்தது போல ஒருவர்பின் ஒருவராகப் போகாமல், அவர் வேகம் பிடிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று பேராக அவரை அடைந்தார்கள். லோமுவைவிடக் குட்டையான ஜேம்ஸ் ஸ்மால் அவரை வெளிப்பக்கம் போகவிடாமல் உள்ளே திருப்பினார், உள்ளே யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் மாதிரி ஆட்கள் இடுப்புக்குக் கீழே பாய்ந்து பிடித்தார்கள். 120 கிலோ ஆள் முழு வேகத்தில் வந்தால் நிறுத்துவது கஷ்டம், முதல் மூன்று அடியில் நிறுத்தலாம்.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஒரு ட்ரைகூட போட்டதில்லைங்கறது உண்மையா, இல்ல சும்மா கிளப்பி விட்டதா?

உண்மை. 12 டெஸ்ட், ட்ரை பூஜ்யம். மேலே சொன்ன அந்த உத்தியை அவர்கள் விடவே இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் ஒரு ஆளுக்கு மூன்று பேர் போனால் மற்ற இடத்தில் மூன்று பேர் குறைவார்கள், அந்த இடைவெளியில் ஓடிய கூட்டாளிகளின் ட்ரைக்கு லோமுவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்டது 8. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சைஸ் இருந்ததால ஜெயிச்சார், திறமைன்னு தனியா ஒண்ணும் இல்லைன்னு என் நண்பன் அடிச்சுச் சொல்றான். என்ன பதில் சொல்றது?

100 மீட்டரை 10.8 வினாடியில் ஓடியவர் என்று சொல்லுங்கள். அப்புறம் அந்த மைக் கேட் காட்சியை விட்டுவிட்டு மற்ற ட்ரைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் அவர் யார்மேலும் ஏறவில்லை. கையை நீட்டி எதிராளியின் மார்பில் வைத்துத் தள்ளிவிடுவது அவருடைய முதல் ஆயுதம். அந்தக் கைக்குப் பயந்து எதிராளி ஒரு கணம் தயங்குவார், அந்த ஒரு கணத்தில் தோளைச் சாய்த்து வெளிப்பக்கம் திரும்பிப் போய்விடுவார். பந்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையைச் சும்மா விட்டு ஓடுவதே பெரிய வித்தை.

குறையும் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் உயரமாக உதைத்த பந்துகளில் திணறினார், திரும்புவதற்கு நேரம் எடுத்தது. பிரான்ஸ் 1994இல் கண்டுபிடித்ததும் இதைத்தான். இன்னொன்று: அவருக்குப் பின்னால் எல்லா நாடுகளும் பெரிய உடம்புக்காரர்களை விங்கில் நிறுத்திப் பார்த்தன. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் வந்தார்கள், ஆனால் இன்னொரு லோமு வரவில்லை. சைஸ் மட்டும் போதுமென்றால் வந்திருக்க வேண்டும்.

ரக்பியில காசு வந்ததே இவராலதான்னு படிச்சேன். சரியா?

பாதி சரி. தேதிகளைப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் வரை ரக்பி யூனியனில் (இங்கே நாம் பேசும் 15 பேர் ஆட்டம்) ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க விதி அனுமதிக்கவில்லை, பணம் வேண்டியவர்கள் ரக்பி லீக் என்ற இன்னொரு ஆட்டத்துக்குப் போனார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனோடு 10 வருடத்துக்கு 55.5 கோடி அமெரிக்க டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தது ஜூன் 23, அதாவது இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், இங்கிலாந்து ஆட்டம் முடிந்து ஐந்தே நாள். இவ்வளவு பெரிய ஒப்பந்தம் ஐந்து நாளில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, லோமு வெடிப்பதற்கு முன்பே பேச்சு ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் சம்பளத் தடையை நீக்கியது.

ஆனால் பணத்தைப் போட்டவர்களுக்கு விற்பதற்கு ஒரு முகம் வேண்டும். ரக்பியே ஆடாத நாடுகளிலும் அடையாளம் தெரிந்த முகம் அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. 1997இல் அவர் பெயரிலேயே பிளேஸ்டேஷன் வீடியோ கேம் வந்தது.

கிட்னி பிரச்னை எப்போ வந்துச்சு? என்ன நோய்?

1995 உலகக் கோப்பைக்குப் பிறகு, 20 வயதைத் தாண்டியதுமே கண்டுபிடித்தார்கள். நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்பது பெயர். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடைகள் பழுதாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியே போய்விடும். ரத்தத்தில் புரதம் குறைவதால் நீர் கோத்து முகமும் காலும் வீங்கும், களைப்பு அடித்துப் போடும். இது ஒரே நோய் அல்ல, பல காரணங்களால் வரும் ஒரு நிலை. சிலருக்கு மருந்தில் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகமே செயலிழக்கும். லோமுவுக்கு நடந்தது இரண்டாவது.

1997இல் சிகிச்சைக்காக ஆட்டத்தை நிறுத்தினார், அந்த வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. வருடக் கடைசியில் அணியோடு பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்குத் திரும்பினார். அன்றிலிருந்து 2002 வரை ஆடியது எல்லாம் நோயோடுதான்.

நோயோட ஆடினா ஆட்டம் இறங்கியிருக்கணுமே? 1999ல இன்னும் அதிகமா ட்ரை போட்டிருக்காரே?

ஆமாம், அதுதான் எனக்கும் இன்றுவரை ஆச்சரியம். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை, 1995இல் போட்டதைவிட ஒன்று கூட. அரையிறுதியில் பிரான்ஸிடம் நியூசிலாந்து 31–43 என்று தோற்ற அந்த நம்ப முடியாத மதியத்திலும் நியூசிலாந்துக்காக இரண்டு ட்ரை இவருடையதுதான். 2001இல் அர்ஜென்டினாவில் எழுவர் உலகக் கோப்பையை வென்றார்.

எழுவர் ஆட்டம் தெரியாதவர்களுக்கு: அதே மைதானம், ஏழே பேர், இடைவிடாத ஓட்டம். முழு ஆரோக்கியம் உள்ளவர்களே நாக்குத் தள்ளும் ஆட்டம். சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருந்த ஒருவர் அதில் உலகக் கோப்பை ஆடியிருக்கிறார்.

கடைசிப் பருவத்தைப் பாருங்கள். 2002 நவம்பர் 9, லண்டன் ட்விக்கன்ஹாம், எதிரே அடுத்த வருடம் உலகக் கோப்பையை வெல்லப்போகும் இங்கிலாந்து அணி. நியூசிலாந்து 28–31 என்று தோற்றது, லோமு இரண்டு ட்ரை போட்டார். அதே மாதம் 23 அன்று கார்டிஃபில் வேல்ஸோடு ஆடியது கடைசி டெஸ்ட், வயது 27. அடுத்த மே மாதம் அவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸில் இருக்கிறார் என்ற அறிவிப்பு வந்தது. ட்விக்கன்ஹாமுக்கும் அந்தப் படுக்கைக்கும் இடையே ஆறு மாதம்.

டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே ஆடியிருக்க முடியாதா? எனக்குத் தெரிஞ்சவங்க வேலைக்கே போறாங்களே.

வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதற்கே பெரிய மன உறுதி வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரத்தம் முழுவதும் இயந்திரத்தின் வழியே போய் வர வேண்டும், முடிந்து எழுந்தால் துவண்டு போகும். லோமுவுக்கு அதோடு கால் நரம்புகளும் கெட்டன, நடப்பதே சிரமமாகி, சக்கர நாற்காலிக்குப் போகும் அபாயம் இருப்பதாக மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 10.8 வினாடியில் ஓடிய கால்கள் அவை.

2004 ஜூலை 28 அன்று மாற்றுச் சிறுநீரக அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவர் கிராண்ட் கெரியாமா, வெலிங்டன் வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவர், லோமுவின் நண்பர். ரத்த உறவு இல்லை. லோமுவைப் பற்றிப் பேசுகிற பலருக்கு இந்தப் பெயர் தெரியாது, மைக் கேட்டின் பெயர் தெரியும். எனக்கு அது வருத்தம். அதற்கப்புறம் லோமுவுக்குக் கிடைத்த வருடங்களில் ஒரு பங்கு கெரியாமா கொடுத்தது.

மாற்றுச் சிறுநீரகம் வச்சவர் திரும்ப ரக்பி ஆடினாராமே, அது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

ஆடினார். 2005 ஜூனில் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்காக ட்விக்கன்ஹாமில் நடந்த பாராட்டு ஆட்டத்தில் இறங்கி ஒரு ட்ரையும் போட்டார், தோளையும் காயப்படுத்திக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ், 2006இல் நியூசிலாந்தில் நார்த் ஹார்பர். குறி 2007 உலகக் கோப்பை. அதற்குத் தேவையான சூப்பர் 14 (நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா அணிகள் ஆடிய தொடர்) ஒப்பந்தம் கிடைக்கவில்லை, 2007இல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு. பிறகு 2009இல் பிரான்ஸில் மார்செய் பக்கம் மூன்றாம் நிலை அணி ஒன்றுக்குக் கொஞ்ச காலம் ஆடினார்.

உங்கள் கேள்வி நியாயமானது. மாற்றுச் சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றில் வைப்பார்கள், அங்கே விலா எலும்பின் பாதுகாப்பு கிடையாது, அதனால் மோதல் உள்ள ஆட்டங்கள் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். லோமு தெரிந்தேதான் இறங்கினார். நான் அதைச் சரி என்றும் சொல்ல மாட்டேன், பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். நடக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட ஆள் இரண்டு வருடத்தில் மைதானத்தில் நின்றபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை வெளியே இருந்து நான் அளக்க முடியாது. ஆனால் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு யாரும் இறங்காதீர்கள்.

உலகக் கோப்பையே ஜெயிக்காதவரை எப்படி மிகச் சிறந்தவர்னு சொல்றீங்க?

15 பேர் ஆட்டத்தில் உலகக் கோப்பை இல்லை, உண்மை. எழுவர் ஆட்டத்தில் இருக்கிறது, மேலே சொன்னேன். 1996இல் ஆக்லாந்து அணியோடு முதல் சூப்பர் 12 (சூப்பர் 14இன் முந்தைய வடிவம்) பட்டம், 2000இல் வெலிங்டனோடு நியூசிலாந்து மாகாணப் பட்டம். ஆல் பிளாக்ஸில் அவரைவிட அதிக ட்ரை போட்டவர்களும் உண்டு. டக் ஹௌலெட் 62 டெஸ்டில் 49, கிறிஸ்டியன் கல்லன் 58இல் 46. ஆகவே 'மிகச் சிறந்தவர்' என்று நான் பட்டியல் வைத்துச் சொல்வதில்லை. எதிரணிகள் தங்கள் தடுப்பாட்டத்தையே ஒரு தனி ஆளுக்காக மாற்றி அமைத்தது அவருக்காகத்தான் என்று சொல்வேன்.

உலகக் கோப்பைச் சாதனைகள் நிற்கின்றனவா என்றும் சிலர் கேட்டார்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் மொத்தம் 15 ட்ரை, 2015இல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா சமன் செய்தார், தாண்டவில்லை. ஒரே தொடரில் 8 என்பதை ஹபானா (2007), ஜூலியன் சாவியா (2015), வில் ஜோர்டன் (2023) மூவரும் தொட்டார்கள், 2023 வரை அதையும் யாரும் தாண்டவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தால் நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் 2017இல் ஒரே தொடரில் 13 போட்டிருக்கிறார். அவருடைய வீடியோக்களையும் தேடிப் பாருங்கள், தவறவிடக் கூடாதவை.

எப்படி இறந்தார்? திடீர்னுதானே?

2011இல் கெரியாமாவின் சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்தது. அந்த வருட உலகக் கோப்பை நியூசிலாந்தில், ஆக்லாந்தில் நடந்த தொடக்க விழாவில் லோமு கலந்துகொண்டார், சில நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தார். மறுபடி டயாலிசிஸ், நான்கு வருடம். 2015 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போனார், சிகிச்சையையும் விடாமல் தொடர்ந்துகொண்டே நிகழ்ச்சிகளில் பேசினார். குடும்பத்தோடு துபாய் வழியாக ஆக்லாந்து திரும்பிய மறுநாள், நவம்பர் 18 அன்று, வீட்டில் இறந்தார். மனைவி, இரண்டு சிறு மகன்கள். நவம்பர் 30 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் பொது அஞ்சலி நடந்தது, ஹாக்கா என்ற மாவோரி மரபு ஆட்ட முழக்கத்தோடு வழியனுப்பினார்கள்.

பணம் அதிகம் சேர்த்து வைக்கவில்லை என்று செய்தி வந்தது. மகன்களுக்காக நியூசிலாந்து ரக்பி ஆட்டக்காரர்கள் சங்கம் ஒரு அறக்கட்டளை அமைத்தது. திடீர் மரணம் என்று செய்திகள் எழுதின, 20 வருடமாக அந்த நோயோடு இருந்தவர் என்பதை மறந்துவிட்டு.

என் தம்பிக்கும் நெஃப்ரோட்டிக்னு சொல்லியிருக்காங்க. லோமு கதையைப் படிச்சதுலேருந்து பயமா இருக்கு.

இந்தக் கேள்வி மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தது, அதனால் நேராகச் சொல்கிறேன். மேலே எழுதியது போல இது பல காரணங்களால் வரும் நிலை. குழந்தைகளுக்கு வருவதில் பெரும்பாலானவை ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படும் வகை, திரும்பத் திரும்ப வந்தாலும் சிறுநீரகம் பொதுவாகக் காப்பாற்றப்படும். லோமுவுக்கு வந்தது அந்த மாதிரி எளிதில் அடங்கியது அல்ல. அவருடைய முடிவை வைத்து உங்கள் தம்பியின் நாட்களை எண்ணாதீர்கள். மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள், விளையாடலாமா என்பதைச் சிறுநீரக மருத்துவரிடமே கேளுங்கள்.

நோய் மட்டும் இல்லாம இருந்திருந்தா எத்தனை ட்ரை போட்டிருப்பார்?

எண் சொல்ல மாட்டேன். 27 வயதோடு டெஸ்ட் முடிந்துவிட்டது, இடையில் ஒரு வருடம் ஏறக்குறைய முழுசாகப் போனது, மீதி வருடங்களில் எந்த நாள் உடம்பு எவ்வளவு ஒத்துழைத்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நாம் பார்த்த லோமு முழு லோமு இல்லை, அது மட்டும் நிச்சயம்.

சரி, ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எது?

எல்லாரும் 1995 இங்கிலாந்து ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் 2000 ஜூலை 15, சிட்னியைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, 1,09,874 பேர் உட்கார்ந்திருந்த மைதானம். முதல் சில நிமிடங்களிலேயே நியூசிலாந்து 24–0, இடைவேளையில் 24–24. முடியப்போகிற நேரத்தில் ஆஸ்திரேலியா 35–34 என்று முன்னால். டெய்ன் ராண்டல் இடப்பக்கம் வீசிய பந்து லோமுவுக்கு வருகிறது, ஸ்டீபன் லார்க்கம் பாய்கிறார், கோட்டுக்கும் லோமுவின் பூட்ஸுக்கும் நடுவே அரை அடி இருக்குமா தெரியாது, அந்த ஓரத்திலேயே லார்க்கமை உதறிவிட்டு ஓடி மூலையில் பந்தை வைக்கிறார். 39–35. 80 நிமிடம் ஓடி முடித்த கடைசி நொடிகளில் அந்த வேகம். அந்த வருடம் அவர் சிறுநீரகங்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ஓட்டத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.